ஏழு நாள் உலை

கொதிகலன்காரர்கள் கூடும் கருத்தரங்குகளில் இப்போது அலுமினா காலம். அதற்கு முன் நிக்கல் காலம், அதற்கும் முன் குரோமியம். மேடையேறுபவர் ஒரு படத்தைப் போடுவார். நகத்தளவு உலோகத் துண்டுகள் நான்கைந்து வரிசையாக இருக்கும். முதல் துண்டு பொருக்குத் தட்டி வெடித்திருக்கும். கடைசித் துண்டு அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்ததுபோல மினுங்கும். அந்தக் கடைசித் துண்டின் பெயர்தான் உரையின் தலைப்பு. அண்மையில் நான் கேட்ட ஓர் உரையின் முடிவில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “இந்த அலாய் என் பாய்லர்ல எத்தனை வருஷம் நிக்கும்?” என்று கேட்டார். “இது ஆயுளைச் சொல்கிற சோதனை இல்லை, தரவரிசை போடுகிற சோதனை” என்று பதில் வந்தது. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். இருபது ஆண்டுகளாக இந்தப் பதிலை நான் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும்.

வேதியியலை விரிக்கப் போவதில்லை. தொழிலில் உள்ளவர்களுக்கு அது பாடம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம். பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என மூன்று வேண்டும் என்று வேளாண் துறை நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. சாம்பல் சத்து என்பது பொட்டாசியம். செடியை எரித்தால் அது முழுக்கச் சாம்பலிலேயே தங்கிவிட்டால் கொதிகலன்காரருக்குத் தலைவலி இல்லை. வைக்கோலிலும் கரும்புச் சோகையிலும் கூடவே குளோரினும் இருப்பதால், இரண்டும் சேர்ந்து அனலில் ஆவியாகிப் புகையோடு பறந்து, நீராவி ஓடும் சூப்பர்ஹீட்டர் குழாய்களின் மேல் வெளுப்பாகப் படிகின்றன. அந்தப் படிவு பொட்டாசியம் குளோரைடு. உரக்கடையில் மூட்டையாக விற்கும் பொட்டாஷும் அதே உப்புதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படர்ந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய தோலால். 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் பொட்டாசியம் அந்தக் குரோமியத்தைப் பிடுங்கிப் பொட்டாசியம் குரோமேட்டாக்கிவிடும். தோல் கிழிந்ததும் குளோரின் உள்ளே நுழைந்து இரும்பைக் குளோரைடாக்கி வெளியே இழுத்து வரும். வெளியில் ஆக்சிஜனைக் கண்டதும் அது ஆக்சைடாகி, குளோரினைக் கைவிடும். விடுபட்ட குளோரின் மறுபடியும் உள்ளே போகும். டுசல்டார்ஃபின் மாக்ஸ் பிளாங்க் இரும்பு ஆய்வு நிறுவனத்தில் கிராப்கேயும் அவருடன் இருந்தவர்களும் 1995-இல் எழுதிய கட்டுரை இந்தச் சுழற்சியை விளக்கியது. பொட்டாசியத்தின் பங்கைக் கோத்தன்பர்க்கின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் பின்னர் எடுத்துக் காட்டினார்கள். எஃகுக்கு மானம் காக்கும் குரோமியமே இந்த உப்புக்கு முதல் இரை என்பது இத்தொழிலின் கசப்பான வேடிக்கை.

நல்ல உலோகக்கலவைகள் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. குப்பை எரிக்கும் உலைகளின் சுவர்க்குழாய்கள் மேல் நிக்கல் கலவையான இன்கோனல் 625-ஐ வெல்டிங்கில் போர்த்தும் வழக்கம் வந்த பிறகுதான் அவற்றின் பராமரிப்புக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2007-இல் ஓடத் தொடங்கிய குப்பை மின்நிலையம் 440 டிகிரி நீராவியில் 30 சதவீதத் திறனை எட்டியதில் அந்தப் போர்வைக்குப் பங்குண்டு. அலுமினியம் ஆக்சைடான அலுமினாவின் தோல் பொட்டாசியத்திடம் குரோமியம்போலச் சட்டென்று தோற்பதில்லை என்பதும் உண்மை. சோதனைக்கூட உலை இல்லாவிட்டால் குரோமேட் கதை நமக்குத் தெரிய வந்திருக்காது. சரி, இவ்வளவும் இருக்கட்டும்.

அந்த உலையைப் பாருங்கள். ஒரு குழாய், அதைச் சுற்றி மின்சுருள். மெருகேற்றிய உலோகத் துண்டின் மேல் பொட்டாசியம் குளோரைடு கரைசலைத் தெளித்து உலர்த்துவார்கள், சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிகிராம் படியும்படி. சூடு 600 டிகிரி. 5 சதவீத ஆக்சிஜன், 40 சதவீத நீராவி, மீதி நைட்ரஜன். நேரம் 168 மணி, அதாவது சரியாக ஏழு நாள். பிறகு எடுத்து நிறுப்பார்கள். கூடியிருக்கும் எடை துருவின் கணக்கு. சால்மர்ஸார் செய்வது ஏறக்குறைய இப்படி. பின்லாந்தில் துர்க்கு நகரத்து ஓபோ அகாதமியார் துண்டை உப்புக்கு அடியிலேயே வைத்துவிடுவார்கள், அதே 168 மணி நேரம். திங்கட்கிழமை வைத்து அடுத்த திங்கட்கிழமை எடுப்பது ஆய்வு மாணவருக்கு வசதி. சூப்பர்ஹீட்டரை வடிவமைப்பவர் லட்சம் மணி நேரத்தை மனத்தில் வைத்து வரைகிறார்.

நேரம் போதாது என்பது யாரும் சொல்லும் குறை. அதோடு நிறுத்தினால் இன்னொரு நாலு வாரம் கூட்டி வைத்துப் பதில் சொல்லிவிடுவார்கள். அதைவிட மோசமான ஒன்று, உலையில் துண்டும் காற்றும் ஒரே சூட்டில் இருப்பது. கொதிகலனில் அப்படி இல்லை. குழாய்க்கு வெளியே புகை 800, 900 டிகிரியில் போகிறது. உள்ளே நீராவி 500-ஐ ஒட்டி ஓடுகிறது. குழாயின் உலோகம் நீராவியைவிட 30 முதல் 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும். சுற்றிலும் அனல், நடுவே இருப்பதிலேயே குளிர்ந்த பொருள் குழாய்தான். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய செம்பின் மேல் நீர் வேர்ப்பதைப் போல, ஆவியான உப்பு குழாயைத் தேடி வந்து படிகிறது. ஏழு நாள் உலையிலோ, தெளித்த கொஞ்ச உப்பும் 600 டிகிரியில் மெல்ல மெல்ல ஆவியாகித் துண்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே வரவு, இங்கே செலவு. ஒரே பெயரில் எழுதப்படும் இரண்டு வேறு கணக்குகள்.

அலுமினாவையே எடுத்துக்கொள்வோம். காந்தால் என்ற பெயரை மின்கடைக்காரர்கள் ஹீட்டர் காயிலோடு சேர்த்து அறிவார்கள். ஹான்ஸ் ஃபான் காண்ட்சோவ் 1931-இல் ஸ்வீடனின் ஹல்ஸ்டாஹாமர் ஊரில் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த அந்தக் கம்பி 1000 டிகிரிக்கு மேல் சிவந்திருக்கும்போது தனக்குத் தானே அலுமினா தோல் போர்த்திக்கொள்ளும். அதுதான் அதன் அழகு. 600 டிகிரியில் அந்தத் தோல் வளர நாளாகும்; அதற்குள் உப்பு முந்திக்கொள்ளும். ஆகவே ஆய்வாளர்கள் துண்டை முன்கூட்டியே 1100 டிகிரியில் சுட்டுத் தோலை வளர்த்துவிட்டு, அப்புறம் உப்பிட்டுப் பார்த்தார்கள். பிரமாதமாக நின்றது. மேடையில் மினுங்கும் துண்டுகளில் சில இப்படிச் சுட்டெடுத்தவை.

நகத்தளவு துண்டைச் சுடலாம். பல மீட்டர் நீளக் குழாயை வளைத்து, ஹெட்டரோடு வெல்டிங் செய்து, அழுத்தச் சோதனை முடித்துத் தொங்கவிட்ட பிறகு எந்த அடுப்பில் வைத்துச் சுடுவது? வெல்டிங் செய்த இடத்தில் தோல் இருக்காது. ஷிப்டுக்கு ஷிப்டு படிவைத் தட்டிவிடும் சூட் புளோயர் நீராவியால் அறையும்போது கீறல் விழும். கீறலை ஆற்றிக்கொள்ள அங்கே சூடு போதாது. இதற்கு மேல், குரோமியம் மிகுந்த ஃபெரைட் வகை எஃகுக்கு 475 டிகிரியை ஒட்டி நாளடைவில் முறுமுறுப்பேறி உடையும் நோய் ஒன்று உண்டு. சூப்பர்ஹீட்டர் பிழைப்பு நடத்துவதே அந்தச் சூட்டில்தான். அதனால் குரோமியத்தை 10, 13 சதவீதத்துக்கு இறக்கிய புதுக் கலவைகள் வந்திருக்கின்றன. அவை வெறும் போர்வையாகத்தான் பயன்படும். அழுத்தத்தைத் தாங்கும் குழாய் வேறொரு எஃகாகவே இருந்தாக வேண்டும். இதெல்லாம் படத்தில் தெரியாது.

‘தரவரிசைதானே’ என்ற சமாதானத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். தரவரிசை என்றால், வகுப்பறையில் முதல் மாணவன் பரீட்சை எங்கே நடந்தாலும் முதல் மாணவனாக இருக்க வேண்டும். குளோரைடு மட்டும் உள்ள உலையில் நிக்கல் மிகுந்த கலவை முன்னே நிற்கும். நிக்கலைக் குளோரின் இரும்பை இழுப்பதுபோல எளிதில் இழுத்துப் போக முடியாது. படிவின் அடியில் ஆக்சிஜன் குறைந்து கந்தகம் கூடிய ஒரு மூலையில் அதே நிக்கல் சல்ஃபைடாகும். நிக்கலும் அதன் சல்ஃபைடும் சேர்ந்த கலவை 640 டிகிரியை ஒட்டி உருகி ஓடும். இரும்புக் குளோரைடு பொட்டாசியம் குளோரைடோடு கலந்தால் 355 டிகிரியிலேயே உருகும். தனி உப்பு உருக 770 வேண்டும். சூழலைக் கொஞ்சம் மாற்றினாலும் மாணவர்களின் வரிசை கலைந்துபோகும். கொதிகலனில் சூழல் மாறுவது நாள்தோறும். சில நாள் மணிதோறும்.

நேர்மையாகச் சொன்னால் இவை திருத்தக்கூடிய குறைகள். உண்மைக் கொதிகலனுக்குள்ளேயே உலோக வளையங்களைக் காற்றால் குளிரவைத்து நிறுத்திப் பார்க்கும் முறை பல ஆண்டுகளாக உண்டு. வடநாட்டு ஐரோப்பியர்கள் அதைச் சிரத்தையாகச் செய்திருக்கிறார்கள். வெப்பச் சரிவுள்ள உலைகளும் வந்துவிட்டன. என் பழைய சண்டை இந்த உலை எதை மாற்றுகிறது, எதை மாற்றாமல் வைக்கிறது என்பதைப் பற்றியது. மாறாதவை: உப்பு, சூடு, காற்று. மாறுவது: உலோகம் மட்டும். கொதிகலனை நடத்துபவரைக் கேளுங்கள். எரிபொருளை மாற்றலாம், நீராவியை 20 டிகிரி இறக்கலாம், புகையில் கந்தகச் சேர்மம் தெளிக்கலாம், சூப்பர்ஹீட்டரின் கடைசிச் சுருளைப் புகையிலிருந்து விலக்கி வைக்கலாம். அவர் கைக்கு எட்டும் வால்வுகளை எல்லாம் பூட்டிவிட்டு, விற்பனைக்கு வரும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிற சோதனை இது. அதனிடம் என்ன கேட்டாலும் ஒரே விடைதான் வரும்: இன்னும் நல்ல உலோகமாக வாங்கு.

டென்மார்க் இதைக் காசு கொடுத்துக் கற்ற நாடு. அங்கே கோதுமை, வாற்கோதுமை வைக்கோலை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் ஹஸ்லெவில் 1989-இலும் ருட்கோபிங்கில் 1990-இலும் வந்தன. நீராவி 450 டிகிரியோடு நின்றது. அரிமானம் பெரிய பேச்சாக இல்லை. பிறகு ஆசை வந்தது. சூடு ஏற ஏறத் திறன் கூடும் என்பது வெப்ப இயக்கவியலின் சட்டம், அதில் தவறில்லை. 1996-இல் மஸ்னெடோ 522 டிகிரிக்குப் போனது. 2001-இல் கோபன்ஹேகனுக்குத் தெற்கே ஆவெடோரெயின் வைக்கோல் கொதிகலன் 540-ஐ எட்டியது. நுண்மணி 347 வகை எஃகுக் குழாய்கள், நல்ல தேர்வு. இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் உலோகம் பற்றிய கட்டுரைகள் குவிந்தன. ஒவ்வொன்றும் முந்தைய படியில் இருந்த எஃகைவிடச் சிறந்த எஃகைத் தேடின.

ஏணியின் நடுவில் ஒரு படி இருக்கிறது. அதைப் பற்றித்தான் கருத்தரங்குகளில் பேச்சே இல்லை. 1998-இல் தெற்கு ஜட்லாந்தில் ஓபென்ரோ அருகே என்ஸ்டெட் மின்நிலையத்தில் ஒரு பயோமாஸ் கொதிகலன் கட்டினார்கள். வைக்கோல் எரியும் உலை நீராவியை 470 டிகிரி வரை மட்டும் சூடேற்றும். அங்கிருந்து அந்த நீராவி பக்கத்தில் இருந்த இன்னொரு சின்ன உலைக்குப் போகும். அதில் எரிந்தது மரச்சில்லு. மரத்தில் குளோரின் சொற்பம். அந்த உலை 470-ஐ 542 ஆக்கிக் கொடுத்தது. உப்பு மிகுந்த புகை சூடான குழாயைச் சந்திக்கவே இல்லை. சூடான குழாய் சந்தித்த புகையில் உப்பு இல்லை. புதிய கலவை எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வைக்கோலை எங்கே எரிப்பது, மரத்தை எங்கே எரிப்பது என்று ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்தார், அவ்வளவுதான். இரண்டு உலை வேண்டும், மரச்சில்லும் வாங்க வேண்டும், செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். சுழல்படுகைக் கொதிகலன்களில் கடைசிச் சுருளைப் புகைப்பாதையிலிருந்து எடுத்துத் திரும்பி வரும் சுடுமணலுக்குள் புதைப்பதும் இதே யோசனையின் இன்னொரு வடிவம். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் அது சாதாரண வழக்கமாகிவிட்டது. ஏழு நாள் உலையில் வைத்து என்ஸ்டெட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அந்த உலைக்கு இரண்டு அறை கிடையாது.

எரிபொருளுக்கு வருவோம். டேனிஷ் விவசாயிகள் வைக்கோலை மஞ்சள் வைக்கோல், சாம்பல் வைக்கோல் என்று பிரிப்பார்கள். அறுத்த கையோடு கட்டியது மஞ்சள். வயலில் கிடந்து மழையில் நனைந்து நிறம் மங்கிக் காய்ந்தது சாம்பல் நிறம். மஞ்சளில் குளோரின் 0.75 சதவீதம் என்றால் சாம்பல் நிறத்தில் 0.2. மழை இலவசமாகக் கழுவிக் கொடுத்த வித்தியாசம் இது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஜென்கின்ஸ் குழுவினர் 1990-களில் நெல் வைக்கோலை நீரில் அலசிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் பொட்டாசியத்தில் 80 சதவீதத்துக்கு மேலும் குளோரினில் 90 சதவீதத்துக்கு மேலும் எடுத்துப் போனது. இன்னும் பின்னால் போனால், வயலில் பொட்டாஷ் உரத்தைக் குளோரைடாக இடாமல் சல்ஃபேட்டாக இட்டாலே வைக்கோலில் குளோரின் குறையும். கொதிகலன் குழாயின் ஆயுளில் ஒரு பகுதி உரக்கடையில் தீர்மானமாகிறது.

கழுவிய தண்ணீரை எங்கே விடுவது, நனைந்ததைக் காயவைக்க ஆகும் செலவு என்ன என்பவை நியாயமான கேள்விகள்தான். அவற்றுக்கு விடை தேடச் செலவிட்ட காசையும் 168 மணி நேர உலைகளுக்குச் செலவிட்ட காசையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று சொல்ல எனக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே போதும்.

கந்தகக் கதையும் இப்படித்தான். வாட்டன்ஃபால் நிறுவனம் அம்மோனியம் சல்ஃபேட்டைப் புகையில் தெளித்துப் பொட்டாசியம் குளோரைடைச் சல்ஃபேட்டாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. சல்ஃபேட் உருக 1069 டிகிரி வேண்டும். குரோமியத்திடமும் அது வாலாட்டுவது குறைவு. டென்மார்க்கின் ஸ்டுட்ஸ்ட்ருப் மின்நிலையத்தில் 1996-இல் தொடங்கி நிலக்கரியோடு வைக்கோலையும் வெப்ப அளவில் 20 சதவீதம் வரை சேர்த்து எரித்தார்கள். நிலக்கரிச் சாம்பலில் உள்ள களிமண் பொட்டாசியத்தைக் கட்டிப் போட்டது, கந்தகம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பொட்டாசியம் குளோரைடு குழாய்க்கு வந்து சேரவில்லை. குழாய் அதே பழைய குழாய்.

நம் ஊருக்கு வந்தால் இதற்கு இன்னும் பெரிய சாட்சி காத்திருக்கிறது. பெரிதாக இருப்பதாலேயே கண்ணில் படுவதில்லை. கரும்புச் சக்கையை எரிக்கும் சர்க்கரை ஆலைகள். 87 கிலோ அழுத்தம், 515 டிகிரி என்பது அங்கே பழகிப்போன எண். 110 கிலோ, 540 டிகிரிக் கொதிகலன்களும் ஓடுகின்றன. டென்மார்க் தடுமாறி எட்டிய அதே 540. நம் குழாய்கள் ஆவெடோரெயின் குழாய்களைவிட உசத்தி என்பதாலா? கிடையாது. கரும்பு உருளைக்கு உருளை நசுங்கிக் கடைசி ஆலைக்குப் போகும்போது மேலே வெந்நீர் தெளிப்பார்கள், சர்க்கரை துளியும் வீணாகக் கூடாது என்று. அந்த வெந்நீர் சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் குளோரினையும் அலசி எடுத்துச் சாற்றில் சேர்த்துவிடுகிறது. அது கடைசியில் மொலாசஸில் போய்த் தங்குகிறது. வடிப்பாலைக் கழிவில் பொட்டாசியம் ஏன் அவ்வளவு என்பதற்கும் காரணம் இதுதான். சக்கை கொதிகலனுக்கு வரும்போது குளித்துவிட்டு வருகிறது. ஜென்கின்ஸ் ஆய்வகத்தில் செய்து காட்டியதை நம் ஆலைகள் கொதிகலனை நினைக்காமலே பல தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கின்றன. அதே ஆலை, அரவை இல்லாத மாதங்களில் வயலிலிருந்து சோகையைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கட்டும். அதே கரும்பு, குளிக்காத கரும்பு. ஒரே பருவத்தில் சூப்பர்ஹீட்டர் கதை சொல்லும்.

தென்மாவட்டத்தில் சீமைக் கருவேலம் எரிக்கும் ஒரு சின்ன மின்நிலையத்தில் சில காலம் பராமரிப்பு வேலை பார்த்தேன். ஒரு கோடையில் கடைசிச் சுருளின் கீழ் வளைவில் டியூப் லீக் ஆனது. அடைத்துவிட்டு ஓட்டினோம். மூன்று வாரத்தில் பக்கத்துக் குழாய். நிர்வாகம் ஆலோசகர் ஒருவரை அழைத்தது. அவர் கொண்டுவந்த கோப்பில் தரவரிசைப் பட்டியல் இருந்தது. டி22 எஃகுக் குழாய்களைக் கழற்றிவிட்டு 347 போடச் சொன்னார். போட்டோம். கணிசமான பணம். அடுத்த ஆண்டு 347 நன்றாகவே இருந்தது. அதற்கு முந்தைய வரிசை டி22 போனது, இரண்டு எஃகும் சேரும் வெல்டிங்கில் வெடிப்பும் வந்தது. ஆலோசகர் முந்தைய வரிசைக்கும் 347 பரிந்துரைத்தார்.

அந்த ஷட்டவுனில் என்னோடு உள்ளே இறங்கியவர் பாய்லர் அட்டெண்டன்ட் ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். குழாயில் ஒட்டியிருந்த வெளுப்பைச் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தார். “என்னண்ணே, அதைப் போய்…” என்றேன். “உப்புக் கரிக்குது சார். உப்பளப் பக்கத்துக் கட்டை வர ஆரம்பிச்சதிலிருந்து இப்படித்தான். முன்ன வந்த கட்டைக்கு இது கிடையாது” என்றார். எந்த வாரத்திலிருந்து யாருடைய லாரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆலோசகரின் கோப்பில் அந்தப் பத்திக்கு இடமே இல்லை. அவர் காட்டிய பட்டியலில் உப்பு எப்போதும் 0.1 மில்லிகிராம்.

கலவை ஆதரவாளர்கள் இதற்கு ஒன்று சொல்வார்கள்: எரிபொருள் சந்தை எங்கள் கையில் இல்லை, கிடைத்ததை எரிக்கிறோம், ஆகவே எதையும் தாங்கும் குழாய்தான் காப்பீடு. இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு காலம் ஓடுகிறது. ஆனால் காப்பீட்டின் தவணையைப் பாருங்கள். 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் ஒரே நாளில் டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வணிகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. வைக்கோல் சந்தை கையில் இல்லை என்பவர்கள் நிக்கல் சந்தையைக் கையில் வைத்திருப்பதுபோலப் பேசுகிறார்கள். எதையும் தாங்கும் குழாய் என்று ஒன்று வந்துவிட்டால் எதையும் எரிக்கலாம் என்ற துணிவும் சேர்ந்தே வரும். கொள்முதல் அதிகாரி மலிவான கட்டைக்குப் போவார். குழாய் வாங்கித் தந்த ஆயுளை அவர் எரிபொருளில் செலவழிப்பார். 347 போட்ட பிறகு எங்கள் நிலையத்தில் உப்பளக் கட்டை குறையவில்லை, கூடியது.

நான் கொஞ்சம் கடுமையாகப் போகிறேன் என்று தெரிகிறது. சால்மர்ஸிலும் ஓபோவிலும் உள்ளவர்கள் தங்கள் கட்டுரைகளில் தங்கள் உலையின் எல்லைகளை எழுதத் தவறுவதில்லை. எரிபொருள் சேர்க்கைகள் பற்றியும் அதே குழுக்கள் ஆராய்ந்திருக்கின்றன. கட்டுரையிலிருந்து விற்பனைக் கோப்புக்கு நடந்து வரும் வழியில்தான் அந்த எல்லைகள் கழன்று விழுகின்றன. ஆனாலும் எளிதில் கழன்று விழும்படியான ஒரு சோதனையை முப்பது ஆண்டுகளாக முதல் சோதனையாக வைத்திருப்பவர்களுக்கு அதில் பொறுப்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

டென்மார்க்கின் வைக்கோல் நிலையங்களில் லாரி வந்து நின்றதும் மேலிருந்து கிரேன் இறங்கும். ஒரே தூக்கில் பன்னிரண்டு கட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை டன். தூக்கிய நிலையிலேயே எடை பதிவாகும், மைக்ரோவேவ் ஈரத்தை அளந்துவிடும். ஈரம் மிஞ்சினால் திருப்பி அனுப்பலாம். நம் கிடங்குகளிலும் எடைமேடையும் ஈரமும்தான். கட்டைக்காரருக்குப் பணம் அந்த இரண்டு எண்களை வைத்து. உப்புக்கு என்று ஒரு பைசா கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவை வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்கு அனுப்புகிறவர்கள் அதை நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு கைப்பிடியை நீரில் ஊறவைத்து, உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. மீட்டரைத் தோய்த்து எண்ணைப் பார்க்கிறார்கள். உப்பு குறைந்ததற்கு ஒரு விலை, கழுவாததற்கு ஒரு விலை. சட்டைப் பையில் அடங்கும் கருவி அது. நான் பார்த்த எந்த எரிபொருள் கிடங்கின் எடைமேடையிலும் அது இருந்ததில்லை.